ஒரே உண்மை, ஐந்து முடிவுகள்: ஒரு துப்பறியும் விளையாட்டைக் கட்டிய பதிவு

ட்வைன் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு தமிழில் நான் எழுதிவந்த துப்பறியும் உரை விளையாட்டு (படித்து, தெரிவுகளைச் சொடுக்கி ஆடுவது) இப்போது தொடக்கத்திலிருந்து கடைசி வரை தடங்கலின்றி ஓடுகிறது. நடுவில் ஒரு பெரிய திருப்பமும் இறுதியில் ஐந்து முடிவுகளும் உண்டு. திருப்பத்தை எட்டிய ஆட்டக்காரர்கள் ஏமாற்றப்பட்டதாகக் குறைப்படாமல், முன்னால் படித்த உரையாடல்களைத் திரும்பப் புரட்டிப் பார்க்கிறார்கள் என்பதுதான் வேலை முடிந்தது என்று நான் சொல்வதற்கான அடையாளம். இதற்கு முந்தைய வடிவம் முழுவதையும் கைவிட வேண்டியிருந்ததால், எது ஏன் வேலை செய்யவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். என் விளையாட்டின் முடிச்சோடு, போர்ட்டோபியா, ஹெவி ரெயின் ஆகிய இரண்டு விளையாட்டுகளின் குற்றவாளிகளும் கீழே வெளிப்பட்டுவிடுவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கதை 1982ஆம் ஆண்டில், ஒரு சிறு ஊரில் காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் எந்திரம் கொண்ட அச்சகத்தில் நடக்கிறது. காலையில் கதவைத் திறந்தபோது முதலாளி மாடிப்படிக்குக் கீழே இறந்து கிடக்கிறார். ஆட்டக்காரர் அங்கே புதிதாகச் சேர்ந்த பிழை திருத்தும் இளைஞர். முதலாளியின் மகள் கேட்டுக்கொண்டதன் பேரில், அவர் அச்சகத்தின் தாள்களையும் கணக்குகளையும் ஒழுங்குபடுத்தத் தொடங்குகிறார். கூடவே இருந்து ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுப்பவர் முப்பது ஆண்டுகளாக அங்கே அச்சுக்கோக்கும் அண்ணன். சந்தேகத்துக்கு உரியவர்கள் மருமகன், வட்டிக்கடைக்காரர், மெஷின்மேன், அச்சுக்கோப்பவர் என நால்வர்.

கருவிகளுக்குப் பெரிதாகச் செலவில்லை. ட்வைன் இலவசம், அதனுள் நான் பயன்படுத்திய சுகர்க்யூப் என்ற கதைவடிவமும் (எழுதிய கதையை விளையாட்டாக ஓடவைக்கும் பகுதி) இலவசம். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், படங்களுக்கு இங்க்ஸ்கேப், இரண்டும் அப்படியே. காசு போனது காகிதத்துக்கும் டீக்கும்தான்: குறிப்பு அட்டைகள் 120 ரூபாய், வரைகட்டத் தாள் 40 ரூபாய், ஒட்டுத்தாள்கள் 90 ரூபாய், சோதனை ஆட்டத்துக்கு வந்தவர்களுக்கு டீயும் வடையும் ஏறத்தாழ 600 ரூபாய். எட்டு ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியே போதுமானதாக இருந்தது. ட்வைனை உலாவியிலேயே திறந்து எழுதினால் கதை உலாவியின் சேமிப்பிடத்தில்தான் இருக்கும். உலாவித் தரவை ஒருமுறை துடைத்தால் கதையும் போய்விடும். ஆகவே கணினியில் நிறுவிக்கொள்ளும் பதிப்பில் எழுதி, ஒவ்வொரு நாளின் இறுதியிலும் கோப்பை வேறோர் இடத்தில் தேதியிட்டு வைத்தேன்.

முதல் வடிவத்தை மரம்போல் கிளைக்க விட்டேன். ட்வைனில் ஒவ்வொரு காட்சித் துண்டும் திரையில் ஒரு சதுரமாக நிற்கும். அதிலிருந்து அடுத்த சதுரத்துக்கு அம்புக்குறி போகும். ஒவ்வொரு சதுரத்திலும் மூன்று தெரிவுகள் என்று வைத்து எழுதிக்கொண்டு போனால், ஐந்தாம் அடுக்கில் 243 நுனிகள் வந்து நிற்கும். கணக்கு அப்படி என்று தெரிந்தேதான் தொடங்கினேன். பாதிக் கிளைகளை நடுவில் இணைத்துவிடலாம் என்பது என் எண்ணம். இணைக்க முடியாமல் போனதற்குக் காரணம் சதுரங்களின் எண்ணிக்கை அல்ல. எந்தக் கிளையில் போகிறோமோ அதற்கேற்பக் குற்றவாளியே மாறும்படி அமைத்திருந்தேன். மருமகனை நோக்கிப் போனால் மருமகன் கொலைகாரன். வட்டிக்கடைக்குப் போனால் வட்டிக்கடைக்காரர். இரண்டு கிளைகள் ஓரிடத்தில் சேரும்போது, அந்தக் காட்சியில் பேசுகிற மருமகன் கொலை செய்தவனா செய்யாதவனா என்று எனக்கே தெரியாது. அவன் வாயில் வைக்கக்கூடிய வசனம் எல்லாமே வழவழா கொழகொழா என்று ஆயிற்று. விளையாடிப் பார்த்த நண்பர் ஒருவர் இரண்டு முடிவுகளைக் கண்டபின் மூன்றாவதைத் தேடவே இல்லை. "யாரைக் கைகாட்டினாலும் அவன்தான் குற்றவாளி என்றால் நான் எதைக் கண்டுபிடிக்கிறேன்?" என்று கேட்டுவிட்டுக் கணினியை மூடினார்.

அதன்பிறகு கதைக்கு ஒரே ஓர் உண்மை என்று வைத்துக்கொண்டு, ஆட்டக்காரர் அந்த உண்மையில் எவ்வளவு தூரம் அறிந்தார், அறிந்ததை என்ன செய்தார் என்பதை மட்டும் முடிவுகளைப் பிரிக்கும் கோடாக ஆக்கினேன். இதற்கு ட்வைனைத் திறக்கவே இல்லை. வரைகட்டத் தாளில் மாலை ஏழு மணியிலிருந்து விடியற்காலை ஐந்து மணி வரை அரைமணிக்கு ஒரு வரியாக இருபது வரிகள். நான்கு பேருக்கும் முதலாளிக்கும் ஆளுக்கொரு பத்தி. ஆறாவதாகப் பொருள்களுக்கென்று ஒரு பத்தியைச் சேர்த்ததுதான் அதிகம் உதவியது. சாவிக்கொத்து எங்கே, கல்லாப்பெட்டியில் இருந்த புரோநோட்டு எங்கே, மெஷினில் பூட்டிய பாரம் (அச்சடிப்பதற்காகக் கோத்துக் கட்டிய எழுத்துகளின் தொகுதி) எங்கே என்று வரிக்கு வரி எழுதிவந்தபோது, ஆட்களின் பத்தியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் பொருள்களின் பத்தியில் உடனே தெரிந்தன. ஒன்பது மணிக்கு மெஷினில் இருந்த பாரம் காலையில் அங்கே இல்லை. அதன் எழுத்துகள் எல்லாம் கேஸில், அதாவது எழுத்துகளை வகைபிரித்து வைக்கும் பெட்டியில், அந்தந்த அறைக்குத் திரும்பியிருக்கின்றன. அப்படியானால் இரவில் யாரோ உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்துப் போட்டிருக்க வேண்டும். கதையின் திருப்பம் இந்த வரியிலிருந்துதான் கிடைத்தது. முன்கூட்டி யோசித்து வைத்தது அல்ல.

நடந்தது இதுதான். அச்சகம் கடனில் வட்டிக்கடைக்காரரிடம் போய்விடாமல் இருக்க, பழைய தேதியிட்ட புரோநோட்டு ஒன்றை முதலாளியே போலியாக அச்சடிக்கச் சொல்கிறார். அச்சுக்கோக்கும் அண்ணன் கோத்துக் கொடுக்கிறார். சாட்சிக் கையெழுத்துப் போட மட்டும் மறுக்கிறார். வாக்குவாதத்தில் முதலாளி படியில் தவறி விழுகிறார். உயிர் இருக்கிறது. அண்ணன் வைத்தியரைக் கூப்பிடாமல், தன் கைவேலை வெளியே தெரியாதபடி முதலில் பாரத்தைப் பிரித்துப் போடுகிறார். பிரித்து முடிக்கும்போது முதலாளி இறந்திருக்கிறார். ஆட்டக்காரரோடு கூடவே நடந்து, அலமாரி திறந்து, விளக்கைப் பிடித்தவர் இவர்தான்.

கூட இருக்கும் உதவியாளரே குற்றவாளி என்பது புதிய உத்தி அல்ல. யூஜி ஹோரி உருவாக்கி 1983இல் வெளிவந்த போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு என்ற ஜப்பானிய விளையாட்டில், ஆட்டக்காரரின் கட்டளைகளை நிறைவேற்றும் யாசு என்ற உதவியாளர்தான் கொலைகாரர். அதில் நான் கற்றுக்கொண்டது திருப்பத்தைவிட அதற்கான துப்பு வைக்கப்பட்ட இடம்: யாசுவின் தோளில் ஒரு வண்ணத்துப்பூச்சி வடிவ மச்சம் இருக்கிறது, சட்டையைக் கழற்று என்று அவருக்கே கட்டளையிட்டால் அது தெரியும். அதாவது சந்தேகப்பட்டுச் சோதிக்கும் வழி ஆட்டக்காரர் கையில் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக 2010இல் வந்த ஹெவி ரெயினில், நாமே இயக்கும் துப்பறிவாளர் ஸ்காட் ஷெல்பிதான் கொலைகாரர். அவர் மனத்துக்குள் நினைப்பதையெல்லாம் கேட்கும் வசதி நமக்கு இருந்தும் அந்த எண்ணங்களில் அது வருவதே இல்லை. அவர் செய்த ஒரு கொலையைக் காட்சியை வெட்டி நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறார்கள். அந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த பகுதிகள் நிறைய உண்டு என்றாலும், இந்த ஓரிடத்தை நான் மன்னிக்கவில்லை.

ஆகவே உதவியாளருக்கு ஒரு விதி வைத்தேன்: அவர் எந்த இடத்திலும் பொய் சொல்லக் கூடாது, சொல்லாமல் விடலாம். அவருடைய வசனங்களை மட்டும் தனித்தாளில் எடுத்து எழுதி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது, முதல் வரைவில் கணிசமான வசனங்கள் அப்பட்டமான பொய்யாக இருந்தன. ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். புரோநோட்டைக் காட்டி ஆட்டக்காரர் கேட்கிறார்: "அண்ணே, இது நம்ம அச்சகத்தில் அடிச்சதா?" பழைய பதில்: "எனக்குத் தெரியாது தம்பி, நான் பார்த்ததே இல்லை." இப்போதைய பதில்: "நம்ம கேஸ்ல இருக்கிற எழுத்துதான் தம்பி. முதலாளி சொன்னா எதையும் அடிச்சுத்தானே ஆகணும்." முதல்முறை படிக்கும்போது இது தொழிலாளியின் அலுப்பாகத் தெரிகிறது, உண்மை தெரிந்தபின் படித்தால் வாக்குமூலம். சோதனைக்கு வந்தவர்கள் திரும்பப் போய்ப் பார்த்த வசனம் இதுவே.

போலி என்று காட்டும் துப்புதான் அதிக வேலை வைத்தது. புரோநோட்டில் போட்ட தேதி 1974. ஆனால் அதன் அச்சு வாசகத்தில் "வேளை", "ஆணை" ஆகிய சொற்கள் புதிய வடிவில் இருக்கின்றன. தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது 1978 அக்டோபரில். அதற்கு முன்னால் பெரும்பாலான அச்சகங்களில் ளை, ணை, லை, னை எல்லாம் மேலே வளைந்த தும்பிக்கையோடுதான் இருந்தன. துப்பை எழுதி முடித்து ஓட்டிப் பார்த்தால் துப்பே இல்லை: கணினியின் எழுத்துரு எல்லா ஆவணத்தையும் புதிய வடிவிலேயே காட்டியது. பழைய வடிவத்தைப் படமாக வரைந்து வைப்பதைத் தவிர வழியில்லை. ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை மின்வருடி, அதன் மேல் இங்க்ஸ்கேப்பில் கோடிழுத்து, வேண்டிய எழுத்துகளை வரைந்தேன். அடியொற்றி வரைவது எளிது. பக்கத்து எழுத்துகளின் தடிமனோடு ஒட்டவைப்பதுதான் கண்ணைக் கெடுத்தது.

பழைய எழுத்தில் அச்சான 1973ஆம் ஆண்டு ரசீதை முதலில் ஒற்றைப் படமாக வைத்து, மற்ற ஆவணங்களைச் சாதாரண உரையாகவே விட்டேன். விளைவு, எல்லோரும் ரசீதைத்தான் நேரே உற்றுப் பார்த்தார்கள். உரை விளையாட்டில் ஒரே ஒரு படம் இருந்தால் அதுதான் துப்பு என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். ஆகவே ஏழு ஆவணங்களையும் 900 பிக்சல் அகலமுள்ள படங்களாக்கினேன். அவற்றில் நான்குக்குக் கதையில் எந்த முக்கியத்துவமும் இல்லை. படங்களை ஒரே கோப்புக்குள் புதைக்கும்போது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும் என்பதால், கருப்பு வெள்ளையாகக் குறைத்து வைத்தேன். மொத்தக் கோப்பு இரண்டு எம்பிக்குள் அடங்கியது.

இந்தத் துப்பில் இன்னோர் ஓட்டையும் இருந்தது. சோதனைக்கு வந்த பெரியவர் ஒருவர், பெரியாரின் குடியரசு இதழில் 1935 முதலே சீர்திருத்த எழுத்து உண்டே, 1974இல் ஓர் அச்சகத்தில் அது இருக்கக் கூடாது என்று எப்படி முடிவு கட்டுகிறாய் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே இந்த அச்சகம் புதிய எழுத்துகளை வாங்கியதே 1979இல்தான் என்று காட்டும் எழுத்து வார்ப்பகத்துப் பற்றுச்சீட்டைச் சேர்த்தேன். புரோநோட்டும் பற்றுச்சீட்டும் சேர்ந்தால்தான் போலி நிரூபணமாகும். இரண்டு துண்டாகப் பிரிந்தபின் துப்பு முன்பைவிட நன்றாக வேலை செய்தது. ஒன்றை மட்டும் பார்த்தவருக்குச் சந்தேகம், இரண்டையும் பார்த்தவருக்கு உறுதி.

அடுத்தது குற்றம் சாட்டும் கட்டம். நான்கு பெயர்களைப் பொத்தானாக வைத்தபோது நான்கில் ஒன்றை யாரும் ஊகித்துவிட முடிந்தது. விடையைத் தட்டச்சு செய்யச் சொன்னால் ஊகம் குறையும் என்று முயன்றேன். தமிழில் இது எதிர்பாராத தொல்லை தந்தது: ஆட்டக்காரர் "பாரம்" என்று எழுதுவார், "பாரத்தை" என்று எழுதுவார், "பாரத்துக்காக" என்றும் எழுதுவார்; வேற்றுமை ஏறியவுடன் சொல்லின் கடைசி எழுத்தே மாறிவிடுகிறது. போதாததற்கு, "கொ" என்ற எழுத்தை ஒரு விசைப்பலகை ஒற்றை ஒகரக் குறியோடு சேமித்தால், இன்னொன்று எகரக் குறியும் காலும் தனித்தனியாகச் சேமிக்கக்கூடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. இரண்டாவது சிக்கலை யூனிகோடு இயல்பாக்கத்தின் (ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்குவதன்) மூலம் ஒரே வரியில் தீர்த்துவிடலாம். முதலாவதற்கு வேர்ச்சொல் பிரிக்கும் நிரலே வேண்டும். அதற்குள் இறங்கினால் விளையாட்டு முடியாது என்று தட்டச்சைக் கைவிட்டேன்.

பதிலுக்கு எடுத்துக்கொண்டது லூகாஸ் போப்பின் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் (2018) கையாண்ட வழி. அதில் கப்பலில் இருந்த அறுபது பேரின் கதியைக் கண்டறிய வேண்டும். மூன்று பேருடைய விடைகள் சரியாக அமைந்த பிறகே அவை சரி என்று விளையாட்டு ஒப்புக்கொள்ளும், ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டு ஊகிக்க இடமில்லை. நான் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டேன்: முதலாளியோடு இருந்தவர் யார், அவர் இறந்தது எந்த நேரத்தில், எந்த ஆவணத்தின் பொருட்டு. நான்கு பேர், நான்கு நேரம், ஐந்து ஆவணம் என்று வைத்தால் 80 சேர்க்கைகள், சரியானது ஒன்றே. எது தவறு என்று விளையாட்டு சொல்லாது; நேரே ஒரு முடிவுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

முடிவுகள் இப்படி அமைந்தன. மருமகனைச் சாட்டினால் அவன் கைதாகிறான், வீடு உடைகிறது. வட்டிக்கடைக்காரரைச் சாட்டினால் அவர் வழக்கில் தப்பித்து அச்சகத்தைக் கைப்பற்றுகிறார். அச்சுக்கோப்பவரைச் சாட்டி, நேரமோ ஆவணமோ தவறினால் அவர் கொலைகாரராகச் சிறை செல்கிறார். நடந்தது கொலை அல்ல என்பது யாருக்கும் தெரியாது. மூன்றும் சரி என்றால் அவரே உட்கார்ந்து அந்த இரவைச் சொல்கிறார். அதன்பின் புரோநோட்டைப் போலீஸில் கொடுப்பதா, முதலாளியின் மகளிடமே கொடுப்பதா என்ற தெரிவில் கடைசி இரண்டு முடிவுகள் பிரிகின்றன. மெஷின்மேனைச் சாட்டுபவருக்குத் தனி முடிவு எழுதவில்லை. அவர் அன்றிரவு வெளியூர்த் திருவிழாவில் இருந்தார் என்று மகள் சொல்லி, விசாரணைக்குத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

எழுதி முடித்து ஓட்டினால் உண்மை முடிவு வரவே மாட்டேன் என்றது. மூன்று விடைகளும் சரியாக இருந்தும் அச்சுக்கோப்பவர் கொலைகாரராகவே சிறைக்குப் போனார். காரணம், நிபந்தனைகளை எழுதிய வரிசை. குற்றவாளி அச்சுக்கோப்பவர் என்றால் மூன்றாம் முடிவு என்ற வரி மேலேயும், அதோடு நேரமும் ஆவணமும் சரியென்றால் நான்காம் முடிவு என்ற வரி கீழேயும் இருந்தன. மேல் வரி பொருந்தியவுடன் நிரல் கீழே பார்ப்பதில்லை. குறுகிய நிபந்தனை மேலே, அகன்றது கீழே என்று மாற்றியதும் சரியாயிற்று. எந்தத் துப்பு கிடைத்தது என்பதை நினைவில் வைக்கும் மாறிகளின் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் சுகர்க்யூப் ஏற்கும் என்பதால், தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் நினைத்தபடி எழுதிவிட்டு, ஒரே துப்புக்கு இரண்டு எழுத்துக்கூட்டல்கள் நுழைந்ததும் பிழைக்கு இன்னொரு காரணம். இப்போது மாறிகளின் பட்டியல் ஒட்டுத்தாளில் திரையின் ஓரத்திலேயே இருக்கிறது.

மறு ஆட்டம் சலிப்பூட்டாமல் இருக்க வேண்டும் என்பதற்கு 999 என்ற விளையாட்டை நினைவில் வைத்துக்கொண்டேன். 2009இல் நின்டெண்டோ டிஎஸ்ஸில் வந்தபோது, வேறொரு முடிவைப் பார்க்க முதலிலிருந்து தொடங்கி, தீர்த்த புதிர்களையே மறுபடி தீர்க்க வேண்டியிருந்தது. 2017இல் வந்த மறுபதிப்பில் கிளைப்படத்தைச் சேர்த்து, வேண்டிய இடத்துக்குத் தாவ வழிசெய்தார்கள். என் விளையாட்டில் கிளைப்படம் திருப்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், ஒரு முடிவைக் கண்டவருக்கு மட்டும் குற்றம் சாட்டும் இரவுக்கு நேரே போகும் வழியைத் திறந்தேன். ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கினாலும் அழியாமல் ஒரு செய்தியை நினைவில் வைக்கும் செயல்பாடு சுகர்க்யூபில் இருக்கிறது. அதற்கு இரண்டே வரிகள் ஆயின. ஆனால் சேகரித்த துப்புகள் அப்படியே தொடரும். விட்ட துப்பைத் தேட வேண்டுமானால் பகலுக்குத் திரும்பியே ஆக வேண்டும்.

சோதனையின்போது நான் கேட்டது ஒன்றுதான்: ஒவ்வொரு காட்சி முடிந்ததும் இப்போது யார்மேல் சந்தேகம் என்று ஒரு சீட்டில் எழுதச் சொன்னேன். பிடித்திருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். சீட்டு பொய் சொல்லாது. முதல் சுற்றில் அச்சுக்கோப்பவரின் பெயர் இரண்டாம் காட்சியிலேயே வந்துவிட்டது. அவரை அளவுக்கு மீறி நல்லவராக எழுதியிருந்ததே காரணம். ஆட்டக்காரருக்கு டீ வாங்கித் தரும் காட்சியை நீக்கி, பிழை திருத்திய தாளை முகத்தில் எறிந்து திட்டும் காட்சியை வைத்தேன். அதன்பின் சந்தேகம் மருமகன்மேல் நின்று, பற்றுச்சீட்டுக்குப் பிறகே நகர்ந்தது.

அடுத்த விளையாட்டில் கால அட்டவணையை முதல் நாளே போடுவேன். மாறிகளின் பெயர்ப்பட்டியலையும் அப்படியே. படமாக உள்ள ஆவணங்களைத் திரைவாசிப்பான் கொண்டு விளையாடுபவர்கள் இப்போது அறிய வழியில்லை. எழுத்து வடிவின் வேறுபாட்டை முதலாளியின் மகள் வாய்விட்டுப் படித்துக்காட்டும் ஒரு காட்சியை இந்த விளையாட்டிலேயே சேர்க்க எழுதிக்கொண்டிருக்கிறேன். வட்டிக்கடைக்காரர் முடிவு ஐந்திலும் பலவீனமானது. அவருக்கு அன்றிரவு அச்சகத்துக்கு வரக் காரணமே போதவில்லை. அட்டவணையில் பத்தரை மணி வரியில் அவரை வாசல் வரைக்கும் கொண்டுவர முடிந்தால் வைத்துக்கொள்வேன், முடியாவிட்டால் நான்கு முடிவுகளோடு வெளியிடுவேன்.